பெயர் வெட்டிய பாத்திரம்

விழுப்புரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டுகள் ஒரு டஜன், பொன் விளிம்பு வைத்த கோப்பை செட், சிவப்பு எனாமல் தூக்கு, கடைசியில் ஒரு கும்பா. “எல்லாம் சேர்த்து அரை மாதச் சம்பளம் ஆகிறது, வாங்கட்டுமா பெரியம்மா?” என்று கேட்டிருக்கிறாய். வாங்கு, வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் அடுத்த சனிக்கிழமை வேறு நான்கு படங்கள் வரும். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். ஆற அமரப் படி.

உன் ஆசையில் குற்றமே இல்லை. திண்டிவனத்தில் தனியாகக் குடித்தனம் வைத்த முதல் வருஷம் இது. காலி அலமாரி கண்ணை உறுத்தத்தான் செய்யும். ஆன்லைனில் வரும் தட்டு எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது. பழைய தட்டில் ஒரு கை தெரிகிறது, ஒரு காலம் தெரிகிறது. புதுச்சேரி சாலையில் ஆரோவில் பக்கம் திரும்பினால் பழைய மரச்சாமான், பழைய கதவு, பழைய பாத்திரம் விற்கும் கடைகள் இருக்கின்றன. 1968இல் ஆரோவில் தொடங்கியதிலிருந்து நாலு தேசத்து மனிதர்கள் வந்து போகும் இடம் அது. அந்தக் கடைகளின் கூரையடியில் நிற்கும்போது மனசு இளகுவது இயற்கை. அப்படி இளகாத பெண்ணாக நீ இருந்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

வெளிநாட்டுத் தட்டுக்கு மயங்குவது நம் கடற்கரைக்குப் புதிதும் இல்லை. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிற அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அவருக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானது பளபளவென்று சிவந்த மெருகேற்றிய தட்டுகளின் உடைசல். இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரில் சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் செய்தவை அவை. அந்த உடைசல்கள் எந்தக் காலத்தவை என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே கணித்திருந்ததால்தான் அரிக்கமேட்டுக்கும் காலம் சொல்ல முடிந்தது. இன்னொன்று கேள். அந்தத் தட்டுகளின் அடியில் செய்த குயவனின் பெயர் முத்திரையாகக் குத்தியிருந்தது. அதே மண்ணில் நம் ஊர்ப் பானை ஓடுகளும் கிடைத்தன; அவற்றில் சிலவற்றின்மேல் தமிழ் பிராமி எழுத்தில் ஆட்களின் பெயர் கீறியிருந்தது. வந்த தட்டில் செய்தவன் பெயர், இங்கிருந்த பானையில் இங்கே வாழ்ந்தவர்கள் பெயர். புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனால் அரிக்கமேட்டில் கிடைத்தவற்றைப் பார்க்கலாம். கடைக்குப் போகும் ஒரு சனிக்கிழமையை அங்கே செலவிடு. கண் பழகும்.

இப்போது நீ பார்த்த சாமான்கள் எந்த வழியாக அந்தக் கடைகளுக்கு வந்தன என்று யோசி. ஒரு வழி செட்டிநாடு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தொழில் செய்யப் போன நகரத்தார் குடும்பங்கள் ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் எனாமல் பாத்திரங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, பெண்ணுக்குச் சீராகக் கொடுத்து, அறை அறையாக அடுக்கி வைத்தார்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அந்த வாழ்வு ஆட்டம் கண்டது. பிறகு குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் பிரிந்து போயின. பெரிய வீடுகளை ஆளாளுக்குப் பங்கு பிரித்தார்கள், சிலவற்றை இடித்தார்கள். உள்ளே இருந்தவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து தமிழ்நாடு முழுக்கப் போகின்றன. இன்னொரு வழி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்களும் அவர்களிடம் உத்தியோகம் பார்த்த குடும்பங்களும் வைத்திருந்த தட்டு, கிண்ணம், கண்ணாடிக் குவளைகள் வீடுகள் கைமாறும்போது வெளியே வருகின்றன.

மூன்றாவது வழி நம் வீடுகள். இதைத்தான் நீ கவனிக்க வேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது எந்த வீட்டு அடுப்படியிலும் பித்தளை, வெண்கலம், செம்புதான். தவலை, அண்டா, குண்டான், கூஜா, அன்னக்கூடை, தாம்பாளம். பிறகு எவர்சில்வர் வந்தது. துலக்க எளிது, புளி பட்டால் களிம்பேறாது, கறுக்காது, ஈயம் பூச ஆள் தேட வேண்டாம். வீட்டு வேலை முழுவதையும் தன் கையால் செய்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அவர்கள் செய்ததைத் தப்பு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாற்றத்தில் எத்தனை பாத்திரம் போயிற்று என்பதையும் பார்த்தவள் நான். தெருவில் “பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று கூவிக்கொண்டு வருவார்கள். பாட்டி காலத்துச் சொம்பு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமாக மாறிப் போகும். பாத்திரக் கடையில் பழையதை எடைக்குப் போட்டுப் புதியதை வாங்குவோம். போகி வந்தால் பரண் காலியாகும். அன்றைக்குக் கிலோ கணக்கில் போனதுதான் இன்றைக்கு ஒற்றை உருப்படியாக, விளக்கு வெளிச்சத்தில், எடைக்குச் சம்பந்தமே இல்லாத விலையில் உன் கண்முன் நிற்கிறது.

படத்தில் உள்ள கும்பாவை உற்றுப் பார்த்தாயா? விளிம்புக்கு ஒரு விரல் கீழே புள்ளி புள்ளியாக ஏதோ தெரிகிறது. அது பூ வேலை இல்லை. சின்ன உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டிய எழுத்து. இப்போது மெஷினில் ஓடவிட்டு எழுதுகிறார்கள். அந்த நாளில் கடைக்காரர் மடியில் பாத்திரத்தை வைத்துக் கையால் வெட்டுவார். ‘ள’கரமும் ‘ண’கரமும் வளையாமல் கட்டம் கட்டமாக வரும். நம் பக்கத்தில் பெயர் வெட்டாமல் சீர்ப் பாத்திரம் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தவர் பெயர், வாங்கிய பெண்ணின் பெயர், சில வீடுகளில் தேதியும் இருக்கும். அந்தக் கும்பாவை ஒரு பெண் புகுந்த வீட்டுக்குக் கொண்டு போனாள். நீ அதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் பெயரைப் படித்துவிட்டு வா. அந்த மரியாதையை அவளுக்குச் செய்.

இனி வாங்குவதைப் பற்றி. எந்தத் தட்டையும் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே, முதுகைத் திருப்பிப் பார். கடைக்காரர் “நூறு வருஷப் பழசு” என்பார். அவர் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை, அவருக்கு விற்றவர் அப்படிச் சொல்லியிருப்பார். அடியில் உள்ள முத்திரை உண்மையைச் சொல்லும். ‘இங்கிலாந்து’ என்று நாட்டுப் பெயர் அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு செய்தது. தன் நாட்டுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்ட பிறகுதான் அந்த வழக்கம் பரவியது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று முழுசாக இருந்தால் அநேகமாக இருபதாம் நூற்றாண்டு. ‘செக்கோஸ்லோவாகியா’ என்றால் 1918க்கு முந்தியதாக இருக்க முடியாது, அந்த நாடு பிறந்ததே அப்போதுதான். ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்று இருந்தால் உலகப் போர் முடிந்து 1952 வரை நடந்த அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தது. ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்றால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ‘டிஷ்வாஷர் சேஃப்’, ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று எழுதியிருந்தால் அதற்குப் பெரும்பாலும் உன் அம்மா வயசுகூட இருக்காது. இவற்றை மனசில் வைத்துக்கொண்டால் வருஷக் கணக்கைச் சொல்லி உன்னிடம் யாரும் விலையை ஏற்ற முடியாது.

பிறகு விரல் நகத்தால் சுண்டு. நல்ல பீங்கான் கணீரென்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அடங்கிப் போகும். வெளிச்சத்துக்கு நேரே பிடி. மெல்லிய போர்சிலின் என்றால் பின்னால் உள்ள உன் விரல்களின் நிழல் தெரியும். சாதாரண மண் பீங்கானில் தெரியாது. மெருகின்மேல் சிலந்தி வலை போல நுண்ணிய கோடுகள் ஓடியிருந்தால் அந்தத் தட்டைச் சாப்பாட்டுக்கு எண்ணாதே, எண்ணெயும் குழம்பும் அந்தக் கோடுகளுக்குள் இறங்கிவிடும். இன்னொரு விஷயம். ‘போன் சைனா’ என்பது வெறும் பெயர் இல்லை. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில் ஸ்போட் தொழிற்சாலை நிலைநிறுத்திய அந்தக் கலவையில் ஏறக்குறைய பாதி மாட்டு எலும்புச் சாம்பல். சைவம் சாப்பிடும் உன் சிநேகிதிகளுக்கு அதில் பரிமாறுவதற்கு முன்னால் சொல்லிவிடுவது நல்ல பழக்கம்.

அடுத்ததாக வருவதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படி.

பழைய பீங்கான் மெருகில் காரீயம் கலப்பது உலகம் முழுக்க இருந்த வழக்கம். குறைந்த சூட்டில் மெருகு உருகும், கண்ணாடி போலப் பளபளக்கும், நிறம் எடுப்பாக நிற்கும். அதனால் கலந்தார்கள். பளீரென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளுக்குக் காட்மியம் சேர்ந்த சாயங்களும் பயன்பட்டன, எனாமலிலும் அப்படித்தான். நன்றாகச் சுட்ட மெருகு காரீயத்தைப் பிடித்து வைத்திருக்கும். சரியாகச் சுடாதது, தேய்ந்தது, கீறல் விழுந்தது விட்டுவிடும். புளிப்பும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக விடும். நம் சாப்பாட்டை நினைத்துப் பார். ரசம், புளிக்குழம்பு, எலுமிச்சை சாதம், மோர், ஊறுகாய், கொதிக்கக் கொதிக்கக் காபி. காரீயத்தை வெளியே இழுக்க இதைவிடத் தோதான சமையல் வேறு இல்லை. எல்லாவற்றிலும் மோசமானது மெருகின்மேல் தீட்டிய பூவும் பொன் விளிம்பும். விரல் நுனியால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். அந்தச் சாயத்துக்கும் உன் உதட்டுக்கும் நடுவில் எந்தக் காப்பும் கிடையாது.

காரீயம் உடனே வயிற்றைக் கலக்கி எச்சரிக்கும் விஷம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்போது வலி தெரியாது, காய்ச்சல் வராது. சுண்ணாம்புச் சத்து சேர வேண்டிய இடத்தில் போய் எலும்பில் உட்கார்ந்துகொள்ளும். பெண் கருவுற்றிருக்கும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்போடு சேர்ந்து இரத்தத்துக்கு வந்து குழந்தைக்கும் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கெடுத்ததைத் திருப்ப முடியாது. இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவு காரீயம் இருக்கிறது. இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கும் மேல். பழைய பேட்டரி உருக்குவது, பெயின்ட், கலப்பட மஞ்சள்தூள் என்று பல வழிகளில் அது வருகிறது. ஏற்கெனவே இத்தனை வழி இருக்க, காசு கொடுத்து இன்னொரு வழியை நாமே திறந்துவிட வேண்டுமா?

கண்ணால் பார்த்துக் காரீயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தடவிப் பார்க்கும் சோதனைக் குச்சிகளையும் முழுக்க நம்பாதே. ஆய்வுக்கூடங்களில் எக்ஸ்ரே கதிர் செலுத்தி அளக்கும் கருவி உண்டு. அங்கே கொண்டுபோய்ச் சோதிக்க முடியாத தட்டுக்கு ஒரே விதி: சுவரில் மாட்டு, சோறு போடாதே. தோலோடு வாழைப்பழம் வை, சாவிக்கொத்து வை, தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடு. கனமான வெட்டு வேலை செய்த கண்ணாடிப் பாத்திரமும் அப்படித்தான். ‘க்ரிஸ்டல்’ என்று விற்கும் பழைய கண்ணாடியில் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ காரீய ஆக்சைடு இருக்கலாம். அதில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றி வைக்கக் கூடாது.

பித்தளைக்கு வேறு கணக்கு. பித்தளையில் புளிப்பைச் சமைத்தால் களிம்பேறும், வயிற்றைப் புரட்டும். அதற்காகத்தான் உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். வெள்ளீயம் சாப்பாட்டுக்கு ஏற்றது; ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதில்தான் செய்ய வேண்டும். 232 டிகிரியில் உருகிவிடும் உலோகம் என்பதால்தான், ரசத்தை ஊற்றிவிட்டுச் சொம்பை அடுப்பில் ஏற்று, காலியாக ஏற்றாதே என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஈயம் பூசுபவரை நீ பார்த்திருக்க மாட்டாய். குழி தோண்டிக் கரி போட்டுத் துருத்தியால் ஊதுவார். பாத்திரம் பழுக்கக் காய்ந்ததும் ஒரு சிட்டிகை நவச்சாரத் தூளைத் தூவுவார், வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும். ஈயக் குச்சியை உள்ளே ஒரு தீற்று தீற்றிப் பஞ்சால் சுழற்றித் துடைப்பார். கறுத்துக் கிடந்த உட்புறம் கண்ணெதிரே வெள்ளியாகும். உடனே தண்ணீரில் முக்குவார், சொய்யென்று அடங்கும்.

இதிலும் கலப்படம் உண்டு. விலை குறைவு என்று காரீயத்தைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சுத்தமான வெள்ளீயக் குச்சியை வளைத்தால் கிறீச்சென்று சத்தம் கேட்கும். காரீயம் சத்தமில்லாமல் வளையும், தாளில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழும். பூசக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டு, பார்த்துக் கொடு. ஓட்டை விழுந்த பழைய பாத்திரங்களில் பற்று வைத்திருப்பார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு திட்டுத் தெரியும். அந்தப் பற்றில் காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதைச் சமையலுக்கு எடுக்காதே. மேலே மட்டும் கறுப்பேற்றிப் பழசு போலக் காட்டும் புதுப் பித்தளையும் சந்தையில் நிறைய வருகிறது. நிஜமாகப் புழங்கிய பாத்திரத்தின் தேய்மானம் ஒரே சீராக இருக்காது. கை பிடித்த இடம் வழவழத்திருக்கும், கரண்டி உரசிய உட்புறம் மெலிந்திருக்கும், அடியில் தரை உராய்ந்த வளையம் இருக்கும். கை படாத இடமெல்லாம் சமமாகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படு.

இரண்டு எல்லைகளைத் தாண்டாதே. ‘உபயம்’ என்று வெட்டிக் கோயில் பெயரும் இருக்கிற தாம்பாளம், மணி, விளக்கு எதையும் என்ன அழகாக இருந்தாலும் வாங்காதே. அது சாமி சொத்து, எப்படி வெளியே வந்தது என்று யாருக்கும் தெரியாது. சிலைக் கடத்தலைத் தடுக்க 1983இலேயே தமிழ்நாடு காவல்துறை தனிப் பிரிவு தொடங்க வேண்டி வந்த மாநிலம் இது. அடுத்தது, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்கள் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். அவற்றை விற்க உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பிரான்ஸில் இருக்கும் உன் தோழிக்குப் பரிசாக அனுப்பும் யோசனை இருந்தால் இதை நினைவில் வை. கடையில் ரசீது கேள். ரசீது கொடுக்கத் தயங்கும் கடையில் நீயும் பணம் கொடுக்கத் தயங்கு.

இப்போது மனசைப் பற்றி. “இன்று விட்டால் நாளைக்கு இருக்காது” என்ற எண்ணம்தான் உன்னை அவசரப்படுத்துகிறது. அந்தத் தட்டு நாளைக்கு இல்லாமல் போகலாம். ஆனால் வீடுகள் காலியாகிக்கொண்டே இருக்கிற வரைக்கும் கடைகள் நிறைந்துகொண்டே இருக்கும். ஒரு பாத்திரத்தின் முன்னால் நிற்கும்போது மூன்று கேள்வி கேள். இதில் யார் சாப்பிடப் போகிறார்கள்? இதை யார் துலக்கப் போகிறார்கள், புளிக்கும் சாம்பலுக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் கொடுக்க நீ தயாரா? உன் வீட்டில் ஏற்கெனவே இது இல்லையா? மூன்றுக்கும் பதில் இருந்தால் சந்தோஷமாக வாங்கு. முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால் நீ ஆசைப்படுவது அந்தக் கடையின் வெளிச்சத்துக்கு. அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

கை வேலைதான் உனக்குப் பிடிக்கிறது என்றால் உயிரோடு இருக்கிற கைகளுக்கு அந்தப் பணத்தைக் கொடு. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றுக்கொண்டவர்கள் பலர் இன்று புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்திலேயே 1,200 டிகிரிக்கு மேல் சுட்ட கெட்டியான தட்டும் கிண்ணமும் செய்கிறார்கள். மெருகில் காரீயம் உண்டா என்று செய்தவரிடமே நேரில் கேட்கலாம். இங்கிருந்து ரயில் ஏறினால் விருத்தாசலம். பீங்கான் தொழில்பேட்டையும் அதைச் சொல்லிக்கொடுக்க அரசுக் கல்வி நிறுவனமும் உள்ள ஊர். நீ இன்று வாங்கும் நல்ல கிண்ணம் இன்னும் அறுபது வருஷத்தில் யாரோ ஒரு பெண்ணுக்குப் பழம்பொருள். அவளுக்குக் காரீயம் இல்லாத ஒன்றை விட்டுப்போவோம்.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். மயிலம் போகும் வழியில் நம் ஊர் வீட்டை ஒழித்துக்கொடுக்கப் போவதாக உன் அம்மா சொன்னாள். பரணில் இருக்கிற ஏனங்களைக் கோணியில் கட்டிப் பழைய சாமான்காரரிடம் போடப் போகிறாளாம். அவள் மேல் கோபப்படாதே. அவளுக்கு முட்டி வலி, ஃபிளாட்டில் இடமில்லை, தூக்கித் துலக்க ஆளில்லை. ஆனால் நீ கணக்குப் பார். ஒரு பக்கம் உன் பாட்டியின் பாத்திரம் எடைக்குப் போகிறது. இன்னொரு பக்கம், யாரோ ஒருத்தியின் பாட்டி பாத்திரத்துக்கு நீ அரை மாதச் சம்பளம் கொடுக்கப் பார்க்கிறாய். அந்தப் பரணில் ஒரு வெண்கலப் பானை இருக்கிறது, பொங்கல் வைத்தால் இரண்டு மணி நேரம் சூடு ஆறாது. ஒரு ஜோடி டபரா இருக்கிறது. தவலை ஒன்றில் என் அம்மாவின் பெயர் இருக்கிறது. பழசைக் காப்பாற்ற வேண்டும் என்று உன் மனசு துடிக்கிறதே, காப்பாற்ற வேண்டியவை அவைதான். கடையில் இருப்பதற்கு அடுத்த கை ஒன்று வரும். நம் பரணில் இருப்பதற்கு உன்னை விட்டால் வேறு கை இல்லை.

ஆகவே என் பதில் இது. நீலத் தட்டில் ஒன்றே ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டு, டஜன் வேண்டாம். நீலம் மெருகுக்கு அடியில் இருப்பதால் சாயம் உரியாது, ஆனால் அந்த மெருகுக்கு யாரும் பொறுப்பில்லை. பொன் விளிம்புக் கோப்பை வேண்டவே வேண்டாம். எனாமல் தூக்கில் விளிம்பு பெயர்ந்து இரும்பு தெரிகிறது, சிவப்புச் சாயம் வேறு, அதையும் விட்டுவிடு. கும்பாவைச் சுண்டிப் பார். நெடுநேரம் ரீங்காரம் நின்றால் வெண்கலம். பற்று இல்லாமல், விலையும் நியாயமாக இருந்தால் வாங்கி, அதில் சாப்பிடு. அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் தேய்த்து அழித்துவிடாதே.

வருகிற சனிக்கிழமை கடைக்குப் போகாமல் நேரே ஊருக்கு வா. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். புளியும் சாம்பலும் நான் எடுத்து வருகிறேன், பரண் ஏற உன் கால் வேண்டும். எதெது உனக்கு, எதெது உன் தங்கைக்கு என்று உட்கார்ந்து பிரிப்போம். ஈயம் பூச வேண்டியவற்றைத் தனியே எடுத்து வைப்போம். வைத்துக்கொள்ள முடியாதவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்வோம். எடைக்குப் போடுவதைக் கடைசி வழியாக வைப்போம். அன்று ராத்திரி உன் திண்டிவனத்து அலமாரிக்குப் போகிற பாத்திரத்துக்கு நீ ஒரு பைசா கொடுத்திருக்க மாட்டாய். அதற்கு விலை, வாரம் ஒருமுறை அதில் சமைப்பதுதான்.

நல்லா இரு கண்ணு.

அன்புடன்
உன் பெரியம்மா